பின்வரிசையில் 25 ஆண்டுகள்

இத்தாலியக் கால்பந்து ரசிகர்களிடையே ஒரு காலத்தில் ‘மால்டினாத்தா’ என்றொரு சொல் வழங்கி வந்தது. மிலன் கழகத்தின் தற்காப்பு வரிசைக்குத் தலைவராக விளங்கிய சேசரே மால்டினி, பந்து தம் காலுக்கு வந்ததும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே உதைத்துத் தள்ளிவிடாமல், நெருக்கடியான வேளையிலும் லாவகமாக அடக்கி, எதிராளிக்குப் போக்குக் காட்டி ஏமாற்றி, தம் சகாக்களிடம் அழகாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவே விரும்புவார். அபூர்வமாக என்றேனும் ஒரு நாள் அந்த அழகே வினையாகி, பந்து எதிரியின் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அத்தகைய பிழைக்குத்தான் பத்திரிகைக்காரர்கள் அவருடைய குடும்பப் பெயரையே சூட்டிவிட்டார்கள். 1963-இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிப் பிடித்த முதல் இத்தாலியக் கழகத்தின் தலைவர் அவரே என்ற கீர்த்தி ஒரு புறம் இருக்க, இந்தச் சொல்லும் அவரோடு கூடவே வாழ்ந்தது. அவருக்கு 1968 ஜூன் 26 அன்று மிலன் நகரில் ஒரு மகன் பிறந்தான். பாவ்லோ என்று பெயரிடப்பட்ட அந்தப் பிள்ளை தகப்பனாரின் கழகத்திலேயே, தகப்பனாரின் பின்வரிசையிலேயே 25 பருவங்கள் நின்று, 902 ஆட்டங்கள் ஆடி, பிழைக்குப் பெயராக வழங்கிய அதே மால்டினி என்ற பெயரைப் பிழையின்மைக்குப் பரியாயச் சொல்லாக மாற்றிவிட்டுத்தான் மைதானத்தைவிட்டு வெளியேறினார்.

தற்காப்பு ஆட்டக்காரரின் தொழில் இன்னதென்று சொல்லிவிட்டு மேலே செல்வது நல்லது. நம் ஊர் மைதானங்களில் ‘பேக்’ என்றும், நடுவில் நிற்பவரானால் ‘ஸ்டாப்பர்’ என்றும் அழைக்கப்படும் இவர், கோல் கீப்பருக்கு முன்னால் நின்று, எதிரணியின் முன்வரிசைக்காரர்கள் கோலை நோக்கி வரும் வழியை அடைப்பவர். கோல் போட்டவனின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். விழாமற்போன கோலுக்குக் கணக்கு எழுதும் ஏடு எங்கும் கிடையாது. இவ்வளவும் எல்லோரும் அறிந்ததே. அவ்வளவாகப் பேசப்படாத சங்கடம் ஒன்று இந்தத் தொழிலுக்கு உண்டு. கால்பந்தின் சட்டங்களைத் திருத்துகிறவர்கள், ஜனங்கள் கோல்களைக் காணவே காசு கொடுத்து வருகிறார்கள் என்னும் நியாயத்தால், திருத்தும்போதெல்லாம் முன்வரிசைக்காரனுக்குச் சாதகமாகவே திருத்திவந்திருக்கிறார்கள். பாவ்லோ மால்டினி ஆடிய கால் நூற்றாண்டில் அவர் கைவசமிருந்த கருவிகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. ஒவ்வொன்று போனபோதும் அவர் தம் வித்தையைப் புதிதாகப் படித்துக்கொண்டார். அவருடைய சரித்திரத்தில் கோப்பைகளைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுவே.

முதல் ஆட்டம் 1985 ஜனவரி 20-ஆம் தேதி நடந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் மிலன் நகரம் அந்த நூற்றாண்டின் பெரும்பனியில் புதைந்து கிடந்தது. வடகிழக்கு மூலையிலுள்ள உதினே என்ற ஊருக்கு ஆடச் சென்றிருந்த மிலன் அணியில் பத்திஸ்தினி என்ற ஆட்டக்காரர் காயமுற, இடைவேளைக்குப் பிறகு அவருடைய இடத்தில் இறங்கும்படி, ஸ்வீடன் நாட்டவரான பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம், 16 வயதுப் பையன் ஒருவனைப் பணித்தார். லீட்ஹோம் மிலனில் ஆடிய காலத்தில் சேசரேயின் சகா. பையனுடைய தகப்பனாரை நன்கறிந்தவர் என்பதால் சலுகை காட்டினார் என்று முணுமுணுக்க அன்று ஆளிருந்திருக்கலாம். ஆட்டம் 1-1 என்று சமனாக முடிந்தபோது, அப்படி எவரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பருவத்தில் லீக் போட்டிகளில் அவன் ஆடியது அந்த ஒரு பாதி ஆட்டம் மட்டுமே. அடுத்த பருவம் முதல் அவனுக்கு அந்த அணியில் நிரந்தர ஸ்தானம் கிடைத்தது.

அப்போதைய இத்தாலியத் தற்காப்பு முறையின் பெயர் ‘கத்தெனாச்சோ’. நம் மொழியில் சொன்னால் தாழ்ப்பாள். எதிரணியின் முன்வரிசைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளை நியமித்து, அவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே போகும்படி நிழலாய் ஒட்டவைத்துவிட்டு, இவர்கள் எல்லோருக்கும் பின்னால், ஒருவரையும் பின்தொடரும் பொறுப்பில்லாமல், தப்பி வரும் பந்தைத் துடைத்தெடுப்பதற்கென்றே ‘லிபெரோ’ என்னும் சுதந்திர ஆட்டக்காரரை நிறுத்துவது அதன் சாரம். சேசரே மால்டினி அத்தகைய லிபெரோதான். இந்த முறையில் ஒவ்வொரு தற்காப்பாளனும் தனக்கென்று விதிக்கப்பட்ட ஒரு மனிதனுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவன்.

1987-இல் மிலனுக்குப் பயிற்சியாளராக வந்த அரிகோ சாக்கி இதைத் தலைகீழாகப் புரட்டினார். தொழில்முறைப் போட்டிகளில் ஒரு நாளும் ஆடியறியாத, தகப்பனாரின் செருப்புத் தொழிற்சாலைக்காக ஊர் ஊராக விற்பனைக்குச் சென்ற மனிதர் அவர். ஆளைப் பின்தொடராதே, இடத்தைக் காவல் செய் என்பதே அவருடைய உபதேசம். பின்வரிசையில் நால்வரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்; பந்து முன்னே போனால் நால்வரும் முன்னேற வேண்டும்; இடப்பக்கம் சென்றால் நால்வரும் இடப்பக்கம் நகர வேண்டும்; கடைசித் தற்காப்பாளனுக்கும் முன்னணியில் நிற்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவே 25 மீட்டருக்கு மேல் வெளி இருக்கலாகாது. பந்தே இல்லாமல், பந்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று பயிற்சியாளர் கூவ, பதினொருவரும் அதற்கேற்ப நகர்ந்து நகர்ந்து அப்பியாசம் செய்தார்கள். ஒழுங்காக வரிசை கட்டிய ஐந்து பேரை ஒழுங்கில்லாத பத்துப் பேரால் வெல்ல முடியாது என்று நிரூபிப்பதற்காக, கோல் கீப்பரோடு நான்கு தற்காப்பாளர்களை நிறுத்தி, குல்லிட், வான் பாஸ்டன் போன்ற உலகப் புகழ் பெற்ற முன்வரிசைக்காரர்கள் உட்படப் பத்துப் பேரை அவர்கள்மீது ஏவிவிட்டு, ஒரு கோலேனும் போடுங்கள் பார்க்கலாம் என்று சாக்கி சவால் விட்டதும், அவர்களால் போட முடியாமற்போனதும் அந்தக் கழகத்தில் இன்றும் பேசப்படும் கதை.

அந்த நால்வர்: வலப்புறத்தில் மௌரோ தஸ்ஸோட்டி, நடுவே அலெஸ்ஸாண்ட்ரோ கோஸ்தகூர்த்தாவும் பிராங்கோ பரேசியும், இடப்புறத்தில் 3-ஆம் எண் சட்டையுடன் மால்டினி. இவர்களுடைய ஆட்டத்தை அறிய ‘ஆஃப்சைடு’ சட்டத்தை அறிய வேண்டும். எதிரணியின் பாதியில் பந்துக்கு முன்னால் நிற்கும் ஒருவனுக்குச் சகா பந்தை அனுப்பும் கணத்தில், அவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் இருவரேனும் இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். வழக்கமாக அவர்களில் ஒருவர் கோல் கீப்பர், மற்றவர் கடைசித் தற்காப்பாளன். ஆகவே, தற்காப்பு வரிசை முழுவதும் சரியான கணத்தில் ஓரடி முன்னே வந்துவிட்டால், அவர்களைத் தாண்டி நிற்கும் முன்வரிசைக்காரன் சட்டத்துக்குப் புறம்பானவனாக ஆகிவிடுகிறான். கொடி உயர்கிறது, ஆட்டம் நிற்கிறது. ஒருவரையும் தொடாமல், ஓடாமல், விழாமல், வெறுமனே ஓரடி எடுத்து வைத்தே எதிரியை வெல்லும் இந்த யுக்தியில் நால்வரில் ஒருவர் அரைக் கணம் பிந்தினாலும் நால்வரும் பாழ். பரேசி கையை உயர்த்துவார். நாலு ஜோடிக் கால்களும் ஒரு மனிதனுடைய கால்கள்போல நகரும். தவில்காரர் தலையசைப்பில் தாளம் மாறுவதை அறிந்துகொள்ளும் நாதஸ்வரக் கோஷ்டியை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

மால்டினி இயல்பாக வலக்கால் ஆட்டக்காரர். வலப்புறத்தில் தஸ்ஸோட்டி இருந்தபடியால் இடப்புறத்துக்கு மாற்றப்பட்டவர், இடக்காலையும் வலக்காலுக்கு நிகராகப் பழக்கிக்கொண்டார். அவருடைய வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். பக்கக் கோட்டை ஒட்டி எதிரணியின் விங்கர் பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாக வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமற்ற பேக் நேரே பாய்ந்து காலை நீட்டுவான். விங்கர் பந்தை ஒரு சுண்டு சுண்டிவிட்டு அவனைத் தாண்டிப் போய்விடுவான். மால்டினி பாய்வதில்லை. இரண்டு முழத் தூரத்தில், முழங்கால்களைச் சற்று மடக்கி, உடம்பை நேருக்கு நேர் காட்டாமல் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை எதிராளியின் தோளசைவில் மயங்கவிடாமல் பந்தின்மேலேயே பதித்து, பின்னோக்கி நடப்பவர்போலச் சிறு சிறு அடிகளாக வைத்து விலகிக்கொண்டே போவார். விங்கருக்கு உள்ளே வர வழியில்லை, வெளியே போக மட்டும் ஒரு சந்து திறந்திருக்கிறது. அந்தச் சந்தில் அவன் நுழைகிறான்; நுழைந்த பிறகுதான் ஒரு பக்கம் மால்டினியும் மறுபக்கம் சுண்ணாம்புக் கோடும் நெருக்குவது அவனுக்குத் தெரிகிறது. கோட்டைத் தாண்டினால் பந்து போயிற்று. திரும்பலாமென்றால் அதற்குள் பரேசி பக்கத்தில் வந்து நிற்கிறார். வேறு வழியின்றிப் பந்தை அரை அடி அதிகமாகத் தள்ளிவிடுகிறான். அந்த அரை அடிக்காகவே இவ்வளவு நேரமும் பொறுமையாகக் காத்திருந்த கால் அப்போது நீளுகிறது. தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் ‘டாக்கிள்’ வித்தையில் அவர் நிகரற்றவர். ஆயினும் சறுக்க நேர்ந்தாலே நிற்க வேண்டிய இடத்தில் முன்னமே நிற்கவில்லை என்று பொருள் என்பதே அவருடைய தொழில் தர்மம்.

இந்த நால்வரோடு மிலன் 1989-இல் பார்சிலோனா நகரில் ருமேனியாவின் ஸ்டேவா கழகத்தை 4-0 என்றும், 1990-இல் வியன்னாவில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவை 1-0 என்றும் வென்று ஐரோப்பியக் கோப்பையை அடுத்தடுத்துக் கைப்பற்றியது. அவ்வாண்டுக் கோடையில் இத்தாலியிலேயே நடந்த உலகக் கோப்பையில் மால்டினியும் பரேசியும் பெர்கோமியும் ஃபெர்ரியும் காத்த கோலில், அரையிறுதியில் அர்ஜென்டினாவின் கனீஜியா தலையால் முட்டும்வரை, 517 நிமிஷங்கள் ஒரு பந்தும் புகவில்லை. உள்ளூர் ஜனங்களுக்கு அது பெருமையாயிருந்தது. உலகத்துக்கோ அந்தப் போட்டி முழுவதுமே அலுப்பாயிருந்தது. 52 ஆட்டங்களில் 115 கோல்களே விழுந்த அந்த உலகக் கோப்பையைக் கண்ட பின்னர், சட்டம் வகுப்பவர்கள் தற்காப்பாளர்மேல் கை வைக்கத் தொடங்கினார்கள்.

அதே 1990-இல் ஆஃப்சைடு சட்டம் திருத்தப்பட்டது. கடைசித் தற்காப்பாளனுக்கு நேர்கோட்டில் நிற்பவன் அதுவரை குற்றவாளி, இனிமேல் நிரபராதி. ஓரடி முன்னே வந்தால் போதும் என்றிருந்த வரிசைக்கு இனி அதைவிட நுட்பமான கணக்கு வேண்டியதாயிற்று. 1992-இல் அதனினும் பெரிய இடி விழுந்தது. அதற்கு முன்பு, நெருக்கடி வந்தால் தற்காப்பாளன் பந்தைத் திருப்பிக் கோல் கீப்பருக்கு உதைப்பான், அவர் குனிந்து கையால் எடுத்து மார்போடு அணைத்துக்கொள்வார், ஆபத்து நீங்கிற்று. பத்து முறை இப்படிச் செய்தாலும் கேட்பாரில்லை. சகா காலால் வேண்டுமென்றே அனுப்பிய பந்தைக் கோல் கீப்பர் கையால் தொடலாகாது என்ற புதுச் சட்டம் வந்ததும், பாதுகாப்பான அந்தப் புகலிடம் ஒரே நாளில் இடிந்து வீழ்ந்தது. பந்தை எற்றித் தள்ளுவது மட்டுமே தெரிந்த முரட்டு பேக்குகள் பலர், முகத்தைக் கோலின் பக்கம் திருப்பியபடி, முதுகில் எதிரியின் மூச்சுப்பட, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றதை அக்காலத்து ஆட்டங்களில் காணலாம். காலில் பந்தை அடக்கி, நிமிர்ந்து பார்த்து, சகாவுக்கு நேர்த்தியாக அனுப்பத் தெரிந்தவனுக்கே இனிப் பின்வரிசையில் பிழைப்பு. ‘மால்டினாத்தா’ என்று ஏளனம் செய்யப்பட்ட தகப்பனாரின் அந்தப் பழக்கம் முப்பது ஆண்டுகள் கழித்துத் தொழிலின் இன்றியமையாத லட்சணமாகிவிட்டது. இதை எண்ணும்போது சேசரேயின்மீது எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டாகிறது.

சட்டங்கள் மாறின, மிலனின் கோலோ அடைத்தே கிடந்தது. சாக்கியின் கடைசி நாட்களில் தொடங்கி, அவருக்குப் பின் வந்த ஃபாபியோ கபெல்லோவின் காலத்திலும் தொடர்ந்து, 1991 மே முதல் 1993 மார்ச் வரை 58 லீக் ஆட்டங்களில் அந்த அணி தோற்கவே இல்லை. 1993-94 பருவத்தில் 34 ஆட்டங்களில் அவர்கள் போட்ட கோல்கள் 36 மட்டுமே, வாங்கியவை 15. ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற சிக்கனத்தில் ஒரு நாட்டின் பட்டத்தையே வென்றார்கள்.

அந்தப் பருவத்தின் முடிவில், 1994 மே 18 அன்று, ஏதென்ஸ் நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே யோஹான் க்ரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனா கழகம். ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும் அதன் முன்வரிசையில். மிலன் தரப்பிலோ பரேசியும் கோஸ்தகூர்த்தாவும் தடை விதிக்கப்பட்டு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் நடுப்பகுதி முழுவதும் காலி. காத்துவந்த வீட்டில் நடுத்தூண் இரண்டும் இல்லாத நிலை. இடப்புறத்திலிருந்து மால்டினி நடுவுக்கு வந்து, ஃபிலிப்போ கல்லியோடு சேர்ந்து நின்றார். அன்று ரொமாரியோ மைதானத்தில் இருந்தாரா என்று சந்தேகப்படும்படி ஆயிற்று. மிலன் 4-0 என வென்றது. இரண்டு மாதங்களுக்குப் பிறகு, ஜூலை 17 அன்று, அமெரிக்காவில் பசடேனா நகரத்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே ரொமாரியோவை, இம்முறை பேபேட்டோவின் துணையோடு, மால்டினி மறுபடியும் சந்தித்தார். நம் ஊரில் அப்போது இரவு மணி ஒன்று. முழங்காலில் காயம்பட்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 24 நாட்களே கழிந்த நிலையில் பரேசி திரும்ப வந்து அவர் பக்கத்தில் நின்றார். வெயில் கொளுத்திய அந்த நடுப்பகலில் 120 நிமிஷங்கள் பிரேசிலுக்கு இவ்விருவரும் ஒரு கோலும் கொடுக்கவில்லை. பின்பு பெனால்டி உதைகளில், கால் நரம்புகள் இழுத்துக்கொண்ட பரேசி முதல் உதையை வானத்துக்கு அனுப்பினார், அவருடைய சகா பாஜியோவின் உதையும் கோல் கம்பத்துக்கு மேலே போயிற்று, இத்தாலி தோற்றது. பெனால்டி உதையில் தற்காப்பாளன் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் அவன் இழைத்துச் சேர்த்தது முழுவதும் தள்ளி வைக்கப்பட்டு, அவனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பரீட்சையில் முடிவு தீர்மானிக்கப்படுகிறது. இதற்கு மாற்று வழி எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு அது பெரிய அநீதியாகத்தான் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து ஸ்டாய்ச்கோவுக்குப் போயிற்று. மால்டினிக்கு மூன்றாவது இடம். 2003-இலும் மூன்றாவது இடமே கிடைத்தது.

1997-இல் பரேசியும் தஸ்ஸோட்டியும் ஓய்வு பெற்றார்கள். அந்த ஏப்ரலில் சொந்த மைதானமான சான் சீரோவில் யுவென்டஸ் கழகத்திடம் 6-1 என்று மிலன் தோற்றிருந்தது. அந்தப் பருவத்தில் 11-ஆம் இடம், அடுத்ததில் 10-ஆம் இடம். தலைமைப் பட்டை மால்டினியின் கைக்கு வந்த நேரம் இதுதான். 1998-இல் உலகக் கோப்பைக்குப் போன இத்தாலிக்கு அவர் தலைவர், அவருடைய தகப்பனார் பயிற்சியாளர். அந்தப் போட்டி முதற்கொண்டு, பின்னாலிருந்து பாய்ந்து எதிராளிக்கு அபாயம் விளைவிக்கும் டாக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்று சட்டம் கடுமையாயிற்று. எதிராளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து காலை நுழைத்துப் பந்தை எடுப்பது பழைய தற்காப்பாளர்களின் அன்றாட உத்தி. அதுவும் கைவிட்டுப் போயிற்று.

அவருக்கு அப்போது வயது 30. விங்கர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடும் வேகம் எவருக்கும் அந்தப் பிராயத்துக்குப் பின் நிலைப்பதில்லை. முன்வரிசைக்காரன் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறான்; ஏனெனில் அவன் கைமுதல் வேகம். மால்டினி பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தார். 2002-இல் லாசியோ கழகத்திலிருந்து வந்த அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்தாவோடு ஸ்டாப்பராக நின்றபோது, ஓட வேண்டிய தூரம் குறைந்தது. யூகிக்க வேண்டிய தூரம் பெருகிற்று. பந்து இன்னும் எதிரணியின் நடுவாட்டக்காரன் காலில் இருக்கும்போதே, அது எங்கே வரப்போகிறது என்று கண்டுகொண்டு மூன்றடி முன்னதாகப் போய் நிற்பவனை, பத்து வயது இளையவனும் ஓடித் தோற்கடிக்க முடியாது. அந்தக் காலத்து ஆட்டங்களில் அவர் அவசரப்பட்டு ஓடுவதைக் காண்பதே அரிது. கழனிக்குத் தண்ணீர் எந்த மடையை உடைத்துக்கொண்டு வரும் என்றறிந்து மண்வெட்டியோடு அங்கே முன்கூட்டியே போய் நிற்கும் கிழவரின் நிதானம் அது.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். 2000-இல் ராட்டர்டாம் நகரத்து ஐரோப்பிய நாடுகள் கோப்பை இறுதியில், வெற்றிக்கு விநாடிகளே இருக்கையில் பிரான்ஸ் சமன் செய்து, பின்பு திரெசெகேயின் ‘தங்க கோல்’ ஒன்றால் வென்றது. கூடுதல் நேரத்தில் எவர் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அந்தக் கணமே முடிந்துவிடும் என்பது அந்நாளையச் சட்டம். 2002 உலகக் கோப்பையில் தென் கொரியாவின் தேஜான் நகரில், கூடுதல் நேரமும் முடிய மூன்று நிமிஷமே இருக்கையில், அன் ஜங்-ஹ்வான் என்ற கொரிய ஆட்டக்காரர் மால்டினிக்கு மேலாக எழும்பித் தலையால் முட்டிய பந்து இன்னொரு தங்க கோலாயிற்று. அதுவே தேசிய அணிக்காக அவர் ஆடிய 126-ஆவது ஆட்டம், அதுவே கடைசி. நாட்டுக்காக ஆடி ஒரு பெரிய கோப்பையும் அவர் கைக்கு வரவில்லை. தங்க கோல் சட்டம் 2004-இல் ரத்தாயிற்று.

ஆனால் அடுத்த ஆண்டிலேயே, 2003 மே 28 அன்று, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில், யுவென்டஸைப் பெனால்டி உதைகளில் வென்று, ஐரோப்பியக் கோப்பையை மிலனின் தலைவராக அவர் தூக்கினார். தகப்பனார் அதே கோப்பையை அதே கழகத்தின் தலைவராக, அதே இங்கிலாந்து மண்ணில் தூக்கி அப்போது சரியாக 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இறுதியில் 120 நிமிஷங்களிலும் ஒரு கோலும் விழவில்லை. அலுப்பான ஆட்டம் என்று பலர் எழுதினார்கள். நெஸ்தாவும் மால்டினியும் ஒரு புறமும், யுவென்டஸின் பின்வரிசை மறுபுறமும் அன்று செய்த வேலையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

2005 மே 25, இஸ்தான்புல். மறுபடியும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி. எதிரே லிவர்பூல் கழகம். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம் நிறையவில்லை. வலப்புறத்திலிருந்து சகா பிர்லோ உதைத்த ஃப்ரீ கிக் பந்து வந்து சேர, கூட்டத்தில் எவரும் கவனியாமல் நின்ற மால்டினி வலக்காலால் அதை அப்படியே கோலுக்குள் அடித்தார். தம் வாழ்நாளில் மிலனுக்காக 33 கோல்களே போட்ட மனிதருக்கு, ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டங்களின் வரலாற்றிலேயே மிக விரைவான கோல் என்ற பெருமை 36-ஆம் வயதில் இப்படி வந்து சேர்ந்தது. இடைவேளையில் மிலன் 3-0. அதன்பின் ஆறே நிமிஷங்களில் லிவர்பூல் மூன்று கோல்களைப் போட்டுச் சமன் செய்து, பெனால்டி உதைகளில் கோப்பையைக் கொண்டுபோனது. கோல் போட்டவர் என்ற புகழ் அவருக்குக் கிடைத்த அதே இரவில் அவர் காத்த கோட்டை இடிந்தது. அந்த ஆறு நிமிஷங்களை அவர் பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பார் என்று யோசிக்கிறேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே லிவர்பூல், பழைய ஏதென்ஸ் நகரம். இன்சாகியின் இரண்டு கோல்களால் மிலன் 2-1 என்று வென்றது. 39 வயதுக்கு ஒரு மாதம் குறைவாயிருந்த மால்டினி தம் ஐந்தாவது ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். எட்டு இறுதிகளில் ஆடி ஐந்தில் ஜயம்.

விடைபெற்ற கதை இனிமையானதன்று. 2009 மே 24 அன்று, சான் சீரோவில் ரோமா கழகத்தோடு அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டம். மைதானத்தைச் சுற்றி வந்து அவர் விடைபெறும் வேளையில், பெரும்பாலோர் எழுந்து நின்று கண்ணீர் விட்டுக் கரகோஷம் செய்ய, தெற்கு மாடத்தில் ஆவேச ரசிகர் கூட்டத்தின் ஒரு பகுதியினர் சீட்டியடித்து, பரேசியைப் போற்றும் பதாகையை விரித்து, தலைவர் என்றால் அவர் ஒருவரே என்று கூவினார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர் ஒரு நாளும் பணிந்து நடந்ததில்லை. அவர்களோடு அவருக்கு மனஸ்தாபம் உண்டு. எனினும் 25 ஆண்டுகள் ஒரே சட்டையை அணிந்து உழைத்தவனை வழியனுப்பும் முறை அதுவன்று. ஒரு வாரம் கழித்து ஃப்ளாரன்ஸ் நகரில், வேற்றூர் மைதானத்தில், அவர் கடைசியாக வெளியேறியபோது எதிரணியின் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது 902-ஆவது ஆட்டம்.

3-ஆம் எண் சட்டையை இனி எவரும் அணியலாகாது, மால்டினியின் புதல்வர்களுள் ஒருவன் மிலனின் முதல் அணியில் ஆட வந்தால் அவனுக்கு மட்டுமே அது உரியது என்று கழகம் விதித்தது. இளைய மகன் டானியேல் 2020-இல் அந்த அணிக்கு ஆட வந்தான். அவன் 3-ஆம் எண்ணை அணியவில்லை. பின்னர் 27-ஆம் எண்ணை அணிந்துகொண்டான். பின்வரிசைக்கும் போகவில்லை. மூன்று தலைமுறைக் குடும்பத்தில் இவன் முன்னே நின்று கோலைத் தேடுபவன். இதைக் காணச் சேசரே இருக்கவில்லை; அவர் 2016-இல் காலமாகிவிட்டார்.

2021 செப்டம்பர் 25 அன்று ஸ்பெத்சியா என்ற துறைமுக ஊரில் டானியேல் லீக் ஆட்டத்தில் முதல் தடவையாகத் தொடக்கத்திலிருந்தே களமிறங்கினான். இடைவேளை முடிந்து மூன்றாவது நிமிஷத்தில் வலப்புறத்திலிருந்து வந்த பந்தை, தன்னைக் காவல் செய்ய வேண்டிய தற்காப்பாளனுக்கு முன்னே நழுவி வந்து தலையால் முட்டிக் கோலுக்குள் அனுப்பினான். கழகத்தின் நிர்வாகியாக மேடையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனார், சுற்றியிருந்தவர்களோடு தாமும் துள்ளியெழுந்து ஆர்ப்பரித்தார்.